கொய்யா மரத்தடி இந்தியா

இந்தியாவுக்குப் போகும் வழியை எங்கள் சித்தப்பா லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் இருந்த வெறும் நிலத்திலேயே கட்டி முடித்தார். அதற்கு அவருக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் போதுமாக இருந்தன.

இரத்தோட்டைக்கு மேலே இருந்தது எங்கள் தேயிலைத் தோட்டம். அப்பாவும் சித்தப்பாவும் அடுத்தடுத்த காம்பரா அறைகளில் குடியிருந்தார்கள். நடுச்சுவர் கூரைவரை எட்டாததால் சித்தி மிளகாய் தாளித்தால் நாங்கள் தும்முவோம். யார் கடல் கடந்து இந்தியாவுக்குப் போவது, யார் இங்கேயே இருப்பது என்று அரசாங்கம் தோட்டத்துச் சனங்களைப் பிரித்துக்கொண்டிருந்த காலம் அது. இங்கே இருக்க அப்பா எழுதிக்கொடுத்திருந்தார். அங்கே போகச் சித்தப்பா எழுதிக்கொடுத்திருந்தார். அவருக்குப் பதில் வந்துவிட்டது. ஒன்பது வயதான எனக்கும் அது தெரியும். ஆனால் போவதென்றால், மாத்தளையில் அம்மன் தேர் பார்க்கப் போவதைப் போலத்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சித்தப்பா தேயிலை ஸ்டோரில், கொழுந்து அரைக்கும் மெஷின் பக்கம் வேலை செய்தார். கையில் ஒரு சுத்தியல் இருந்தால் அவருக்குச் சோறுகூட வேண்டாம். மூங்கிலை வளைத்து நட்டு, மேலே பழைய சாக்குகளைத் தைத்துப் போர்த்தினார். அதுதான் கோச்சி, அதாவது ரயில். அதற்குள் தவழ்ந்து மறுபக்கம் வர வேண்டும். அடுத்து, மழைத்தண்ணீர் ஓடும் கானுக்குக் குறுக்கே ஒரு பாக்கு மரம். அது கப்பலுக்கு ஏறும் பாலம். கப்பல் என்பது கவிழ்த்துப் போட்ட பீப்பாயின் மேல் ஒரு பலகை. சித்தப்பா அதை ஆட்டிக்கொண்டே இருபதுவரை எண்ணுவார். விழாமல் நின்றால் கரை வந்துவிடும். கரையில் ஒரு தேயிலைப் பெட்டி, அதன் பின்னால் ஒரு ஆபீசர். ஆபீசரைத் தாண்டினால் கொய்யா மரம். அதைத் தொட்டுவிட்டால் இந்தியா.

முதல் நாளே நான் எல்லாரையும் முந்திக்கொண்டு ஓடிப்போய் மரத்தைத் தொட்டேன். சித்தப்பா கைதட்டவில்லை.

"மூட்டை எங்க? கையில புடிச்சிக்கிட்டுப் போன தங்கச்சி எங்க?" என்று கேட்டார். "ரெண்டையும் விட்டுட்டு நீ மட்டும் அங்க போய் என்ன செய்யப்போற?"

அவருடைய விளையாட்டில் அதுதான் சட்டம். ஒரு கையில் துணிமூட்டை, மறு கையில் ஒரு சின்னப் பிள்ளை. இரண்டையும் விடக்கூடாது. அதற்கப்புறம் அவர் என்னை ஓடவிடவே இல்லை. எனக்குத் தம்பி முறையான அவருடைய ஏழு வயது மகனையும், நாலு வயதான மகளையும்தான் திரும்பத் திரும்ப ஓடவிட்டார். இத்தனைக்கும் அந்தப் பையனுக்குப் பாக்கு மரத்தைக் கண்டாலே கால் நடுங்கும். சித்தப்பா வேண்டுமென்றே பாரபட்சம் பார்க்கிறார் என்று நான் அம்மாவிடம் போய்ச் சொன்னேன். அம்மா வேறு பக்கம் திரும்பிக்கொண்டு, "போகட்டும் விடு பாப்பா" என்றார்.

என்னைச் சமாதானப்படுத்த நினைத்தாரோ என்னவோ, சித்தப்பா எனக்கு ஆபீசர் வேலை கொடுத்தார். நான் அதைச் சும்மா விடவில்லை.

"பேரு? அப்பா பேரு? எந்தத் தோட்டம்? எத்தன பேரு வந்திருக்கீங்க?"

தம்பிக்குப் பயம் வந்தால் வாய் திக்கும். சொந்தப் பெயரே பாதியில் நின்றுவிடும். "சரியா சொல்லல, திரும்பிப் போ" என்று அவனைக் கோச்சியின் வாசலுக்கே அனுப்புவேன். ஒரு நாள் ஏழு தடவை அனுப்பினேன். ஏழாவது தடவை அவன் பாக்கு மரத்தில் தடுமாறி, தங்கச்சியின் கையை விட்டுவிட்டான். அவள் கானுக்குள் விழுந்தாள். முழங்கால் கிழிந்து இரத்தம் வந்தது.

மாசமாக இருந்த சித்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். "இது என்னங்க வெளையாட்டு? புள்ளைங்களக் கொன்னுடுவீங்க போல!" என்று கத்தினார்.

நான் பெட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அடி நிச்சயம் என்று நினைத்தேன். சித்தப்பா மகளைத் தூக்கிக் காலைக் கழுவிவிட்டுச் சித்தியிடம் மெதுவாகச் சொன்னார்: "ஒன் கையில பச்சப்புள்ள இருக்கும். என் தலையில பெட்டி இருக்கும். இவளப் புடிச்சிக்க அவன் ஒருத்தன்தான். விழுறதா இருந்தா இங்கயே விழுந்து எழும்பட்டும். அங்க விழுந்தா தூக்கிவிட யாரு இருக்கா?"

'அங்க' என்று அவர் சொன்னது கொய்யா மரத்தடியை என்று நினைத்தேன். அதுவரை எனக்குத் தெரிந்த இந்தியா அது ஒன்றுதான்.

பிறகு என்னிடம் வந்தார். "நீ நல்லாத்தான் கேக்குற. இன்னும் சத்தமா அதட்டிக் கேளு" என்றார். திட்டுகிறாரா பாராட்டுகிறாரா என்று எனக்குப் புரியவில்லை. பாராட்டு என்றே எடுத்துக்கொண்டு, மறுநாளிலிருந்து இன்னும் அதட்டினேன். தம்பி அழுதான், திக்கினான், பிறகு ஒரு நாள் என் முகத்தை நேராகப் பார்த்து, ஐந்து பேரின் பெயர்களையும் நிறுத்தாமல் சொன்னான். ஐந்தாவது பெயர் இன்னும் பிறக்காத குழந்தைக்கு அவனே வைத்தது. சித்தப்பா அவனைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு கொய்யா மரத்தை மூன்று முறை சுற்றினார்.

குழந்தை பிறந்து இரண்டு மாதத்தில் அவர்கள் புறப்பட்டார்கள். மாத்தளை ஸ்டேஷனுக்கு லயத்துச் சனம் பாதி வந்திருந்தது. பெரியவர்கள் ஒருவர் கழுத்தை ஒருவர் கட்டிக்கொண்டு கதறினார்கள். தம்பி மட்டும் அழவில்லை. மூட்டை ஒரு கையில், தங்கச்சி மறு கையில். கோச்சிப் படியில் ஏறும்போதும் அவளை விடவில்லை. நான் கையைத் தட்டினேன். அம்மா என் கைகளைப் பிடித்து இறக்கினார். கோச்சி நகர்ந்தபோது அப்பா சித்தப்பாவின் கையை விடாமல் பிளாட்பாரம் முடியும்வரை கூடவே நடந்தார். அண்ணனும் தம்பியும் கைபிடித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது அப்பா எல்லாவற்றையும் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். மூங்கில் ஒரு பக்கம், சாக்கு ஒரு பக்கம். பாக்கு மரத்தைச் சுவரோரம் சாத்தியிருந்தார். இனி ஓட என் முறை என்று காத்திருந்தவள் நான். நிலத்தில் உட்கார்ந்து விம்மி விம்மி அழுதேன்.

அப்பா வேலையை நிறுத்திவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். தலையைத் தடவினார். "அழாத பாப்பா. சித்தப்பா காயிதம் போடுவான்."

"பாலத்தத் திருப்பிப் போடுங்க" என்றேன்.

அப்பாவின் கை என் தலையில் அப்படியே நின்றது. பிறகு எழுந்து போய், பாக்கு மரத்தைத் தோளில் தூக்கி வந்து கானுக்குக் குறுக்கே போட்டு, உருளாமல் இருக்க இரண்டு பக்கமும் கல் வைத்தார். தானே ஒருமுறை மிதித்துப் பார்த்துவிட்டு, "ம், ஓடு" என்றார்.

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓடினேன். அவர் முகத்தைத் திரும்பிப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.