லினக்ஸுக்கு மாறிய இருவர்

வட்டக்கச்சி வீட்டில் என் கணினி காசு கட்டாத கள்ளக் கொப்பிச் சிஸ்டத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது. கிளிநொச்சிக் கடையொன்றில் போட்டுத் தந்தது. நாவலில் நல்ல கட்டம் ஒன்று கைகூடி வரும்போதுதான் திரை கறுத்து, உரிமம் வாங்கச் சொல்லி நச்சரிக்கும். அதனால் மாஸ்டர் லினக்ஸ் என்ற வேறு சிஸ்டம் பற்றிச் சொன்னபோது காது கொடுத்துக் கேட்டேன்.

மாஸ்டர் உருத்திரபுரத்தில் இருக்கிறார். நான் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்தில் அவரும் படிப்பிக்கிறார். இருவருமே கதை எழுதுகிறவர்கள். பல வருடமாக என் எழுத்துக்கு முதல் வாசகர் அவர், அவருடையதற்கு நான். அந்த வருடம் ஆளுக்கொரு நாவல் எழுதி முடித்திருந்தோம். மாத முடிவில் இரண்டையும் ஒரு கையெழுத்துப் பிரதிப் போட்டிக்கு அனுப்புவதாக இருந்தது.

"இலவசம் டீச்சர், களவும் இல்லை. ரெண்டு பேரும் ஒரே நாளில மாறுவம். பிரச்சினை வந்தா ஆளுக்காள் பாத்துக்கொள்ளலாம்" என்றார் மாஸ்டர்.

மாதத் தொடக்கத்தில் ஒரு சனிக்கிழமை அவரே வந்தார். நாவலை பென்ட்ரைவில் எடுத்துவைத்து, பழையதை அழித்து, புதியதைப் போட்டுத் தந்தார். புட்டும் மீன்குழம்பும் சாப்பிட்டுவிட்டு, "வீட்ட போய் என்ரயிலயும் போடுறன்" என்று புறப்பட்டார்.

அன்று பின்னேரம் நாவலைத் திறந்தேன். தமிழைக் காணவில்லை. இருநூறு பக்கமும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கிடந்தது. மூன்று வருட உழைப்பு. உடனே மாஸ்டருக்குப் போன் எடுத்தேன்.

"ஐயோ டீச்சர், எனக்கும் அப்பிடித்தான். முதல் அத்தியாயத்தில இருந்தே ஒண்டும் விளங்கேல்லை. நானும் தலையில கைவைச்சுக்கொண்டு இருக்கிறன்."

சொல்ல வெட்கமாக இருக்கிறது, அதைக் கேட்டதும் எனக்கு ஆறுதலாக இருந்தது. தனியே மாட்டிக்கொள்ளவில்லை என்ற ஆறுதல். அடுத்த மூன்று கிழமையும் அவர் ஒன்றுவிட்ட ஒரு நாள் போன் எடுத்தார். சாப்பாடு இறங்கவில்லை என்பார். இனி எழுதவே மாட்டன் என்பார். பிரஷர் உள்ள மனிதர், ஏதாவது ஆகிவிடுமோ என்று பயந்து, என் அழுகையை விழுங்கிக்கொண்டு அவரைத் தேற்றினேன். பள்ளிக்கூடத்திலும் அந்தக் கதையை எடுக்க வேண்டாம் என்று கையைக் காட்டிவிடுவார். வீட்டில் பழைய அச்சுப்படி கொஞ்சம் கிடந்தது. அதைப் பார்த்து நாற்பது பக்கம் திரும்ப அடித்தேன். மிச்சத்துக்கு அச்சுப்படியும் இல்லை, ஞாபகமும் இல்லை.

கடைசியில் இணையத்தில் ஒரு குழுவில் எழுதிக் கேட்டேன். முகம் தெரியாத ஒருவர் பதில் போட்டார். எதுவும் அழியவில்லை, நீங்கள் பாமினி எழுத்துருவில் அடித்திருக்கிறீர்கள், புதிய சிஸ்டத்தில் அந்த எழுத்துரு இல்லை, கொண்டுவந்து போட்டால் சரி. அவ்வளவுதான். பள்ளிக்கூடக் கணினி அறையில் பாமினி இருந்தது. பென்ட்ரைவில் எடுத்துவந்து போட்டுவிட்டுத் திறந்தேன். ஒரு காற்புள்ளி குறையாமல் நாவல் வந்து நின்றது. வாய்விட்டு அழுதேன்.

அழுது முடிந்ததும் மாஸ்டரின் ஞாபகம்தான் வந்தது. பாவம், அந்த மனிதர் இன்னும் தவித்துக்கொண்டிருப்பாரே. பென்ட்ரைவைக் கைப்பையில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டியை எடுத்தேன். உருத்திரபுரம் போய்ச் சேரும்வரை எனக்கு ஒரே சந்தோஷம்.

மாஸ்டர் வளவுக்குள் எங்கோ நின்றார். அவருடைய மனைவி என்னை உள்ளே கூப்பிட்டு இருத்தினா. கணினி போட்டபடி இருந்தது. அதே பழைய சிஸ்டம். பக்கத்தில் தடித்த புத்தகம் போல ஏதோ கட்டி வைத்திருந்தது.

"இவரின்ர நாவல். போன கிழமையே பைன்ட் பண்ணி முடிச்சிட்டார். உங்களுக்குக் காட்டேல்லையோ?" என்று கேட்டா.

மாஸ்டர் வாசலில் வந்து நின்றார். என் முகத்தைப் பார்த்ததும் விளங்கியிருக்க வேண்டும்.

"கோவிக்காதேங்கோ டீச்சர். ஒரேயடியா ரெண்டு பேரும் மாறி, ரெண்டு பேரின்ரயும் போனா? முதல் ஒராளின்ரயில போட்டுப் பாப்பம் எண்டுதான்..."

"அப்ப என்ர போனாப் பரவாயில்லை?"

"நீங்கள் திரும்ப எழுதுவியள். உங்களுக்குக் கெதியா வரும்."

என் கணினியில் பரீட்சித்துப் பார்த்ததைக்கூட மன்னித்திருப்பேன். அந்தப் போன் கதைகளைத்தான் என்னால் சீரணிக்க முடியவில்லை. இல்லாத நாவல் இழவுக்கு என்னிடம் மூன்று கிழமை ஆறுதல் வாங்கியிருக்கிறார் மனுஷன். தேநீரைக் குடிக்காமல் எழும்பினேன். பென்ட்ரைவைக் கைப்பையிலிருந்து எடுக்கவேயில்லை. நாவலை நானே போட்டிக்கு அனுப்பினேன். பள்ளிக்கூடத்தில் வணக்கத்தோடு நிறுத்திக்கொண்டோம்.

நாலு மாதம் கழித்து அவர் போன் எடுத்தார். பழைய சிஸ்டம் அடிக்கடி படுத்துவிடுகிறதாம். புது நாவல் பாதியில் நிற்கிறதாம்.

"உங்கட எல்லாம் வடிவாத் திரும்பி வந்திட்டுதாமே டீச்சர். இனிப் போடலாந்தானே? ஒரு பயமும் இல்லைத்தானே?"

அவர் இன்னும் பாமினியில்தான் அடிக்கிறார் என்பது எனக்குத் தெரியும்.

"ஓம் மாஸ்டர், போடுங்கோ" என்றேன்.

நன்றி சொல்லிவிட்டு வைத்தார்.