தொடாமல் கரை சேர்ப்பது

எழுதத் தெரிந்தவர்கள் எழுதும் இடத்தில் நானும் வந்து உட்கார்ந்ததற்கு முதலில் பொறுத்துக்கொள்ளுங்கள். பள்ளிப் படிப்போடு நின்றவன். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்கவே கூச்சப்படுகிறவன். ஆனால் ஒரகடத்தில் நான் பார்க்கும் வேலையை ஊரில் யாரிடம் சொன்னாலும் நம்புவதில்லை. எழுதிக் காட்டினால் நம்புவார்களோ என்று ஓர் ஆசை.

கடல் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடத் தெரியாத ஒரு ஷெட்டுக்குள் உட்கார்ந்து, நாள் முழுக்க நான் படகுகளைக் கரை சேர்க்கிறேன். படகு கிடையாது, தண்ணீர் கிடையாது. கையில் ஒரு ரிமோட், எதிரே பலகையில் விளக்குகள். ரிமோட்டின் குமிழை இடப்பக்கம் சாய்த்தால் இடப்பக்க விளக்கு எரிய வேண்டும். எரிந்தால், ஏதோ ஒரு நாட்டில் யாருடைய படகோ ஒழுங்காக இடப்பக்கம் நகரும் என்று அர்த்தம். அங்கே வசதியானவர்கள் சொந்தமாகப் படகு வைத்திருக்கிறார்கள். மீன் பிடிக்க அல்ல, சும்மா போய்வர. அதைக் கரையோரம் படகு கட்டும் மேடையை ஒட்டிக் கொண்டுவந்து நிறுத்த, முன்பெல்லாம் ஒருவர் சுக்கான் பிடிக்க இன்னொருவர் கயிறு பிடிக்க வேண்டுமாம். இப்போது முன்னும் பின்னும் பக்கவாட்டில் தள்ளும் சின்ன மோட்டார்களைப் பொருத்திவிட்டு, ரிமோட்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஒற்றை ஆளாக நிறுத்திவிடலாம். இதை டாக்கிங் என்கிறார்கள். யார் உதவியும் தேவையில்லை என்று பெட்டியின் மேலேயே ஆங்கிலத்தில் அச்சடித்திருக்கிறது. உதவி வேண்டாம் என்பதையும் விலை கொடுத்து வாங்க ஆள் இருக்கிறார்கள்.

நான் குடியிருக்கும் வீட்டுக்கார அம்மாவிடம் ரிமோட் கம்பெனி என்று சொன்னது தப்பாகப் போயிற்று. உடனே டிவி ரிமோட்டை எடுத்துவந்து நீட்டினார். “இத இன்னான்னு பாருப்பா, சேனலே மாற மாட்டேங்குது.” இது படகுக்கான ரிமோட் என்று விளக்கினேன். “அவ்ளோ பெரிய படகயே நவுத்தறவன், இந்த டிவி இன்னா பெருசா?” என்றார். பேட்டரியை மாற்றிக் கொடுத்தேன். இப்போது தெருவில் எந்த ரிமோட் நின்றாலும் என்னிடம்தான் வருகிறது.

மீன்பிடித்துப் பிழைக்கும் எங்கள் ஊர்க் கரையில் மேடை ஏது? மணலில்தான் ஏற்ற வேண்டும். அலை தாண்டி ஒரு வள்ளம் வருகிறது என்றால், கரையில் நிற்பவன் எவனாக இருந்தாலும் மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிவிடுவான். பேச்சுவார்த்தை இல்லாத பங்காளியின் வள்ளமாக இருந்தாலும் தோள் கொடுத்தாக வேண்டும். ஏற்றி முடித்த பிறகு சண்டையை விட்ட இடத்திலிருந்து தொடரலாம். கை வைத்தவனுக்கு ஒரு கை மீன் உண்டு. கையைக் கட்டிக்கொண்டு நின்றவனின் வள்ளத்தை அப்புறம் ஒருவரும் தொடமாட்டார்கள். எங்கள் பங்கு வள்ளம் விற்றுப்போன பிறகுதான் நான் இங்கே வந்தேன். மனைவி ஊரிலேயே இருந்துவிட்டாள்.

என் பக்கத்து மேசைக்காரன் தேசிங்கு, மணிமங்கலம் பக்கத்து விவசாயக் குடும்பம். கிணற்றை எட்டிப் பார்க்கவே பயப்படுகிறவன். “இன்னாண்ணே, காலைலேந்து எத்தினி கப்பல கரையேத்தின? ஒருத்தனும் மீன் குடுக்கலியா?” என்று தினமும் ஆரம்பிப்பான். இரண்டு பேருமே காண்ட்ராக்ட் ஆட்கள். டெஸ்டிங் வேலைக்கு ஒருவரை நிரந்தரமாக்கப் போவதாகப் பேச்சு வந்தது. சூப்பர்வைசர் சுகன்யா மேடம் என்னைக் கூப்பிட்டார். “ரிமோட்டை வாங்குற கம்பெனியிலிருந்து ஒருத்தர் வர்றார். ஏரியில் படகு வச்சு டெமோ காட்டணும். நீங்க கடல்ல இருந்தவர். நல்லா பண்ணிக் குடுத்தீங்கன்னா பர்மனென்ட்டுக்கு உங்க பேரைத்தான் சொல்வேன்.”

மனைவியிடம் போனில் சொன்னேன். “நெரந்தரமாச்சுன்னா சொல்லுங்க, வீட்டப் பூட்டிட்டு வந்துருதேன். இல்லன்னா நீங்க கெளம்பி வந்துருங்க. ரெண்டு எடத்துல ஒல வைக்க முடியாது, ஆமா” என்றாள். எது நடந்தால் நல்லது என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. இருந்தாலும் வரச் சொல்லவே ஆசைப்பட்டேன்.

ஏரியில் பலகை மேடை போட்டிருந்தார்கள். தூரத்தில் எருமைகள் கிடந்தன. காற்றும் இல்லை, அலையும் இல்லை. ஆளில்லாத படகு, நான் குமிழைச் சாய்த்த பக்கமெல்லாம் சொன்னபடி கேட்டு வந்தது. அது தானாக வந்து மேடையை ஒட்டி நிற்க வேண்டும், அதுவரை கை படக்கூடாது. அவ்வளவுதான் வேலை. கை எட்டும் தூரத்துக்கு அது வந்ததும், எப்படி இறங்கினேன் என்று தெரியாது, முழங்கால் தண்ணீரில் நின்று படகுக்குத் தோள் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

வந்திருந்த வெள்ளைக்காரர் பதறிப்போய் என்னிடமிருந்த ரிமோட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ரிமோட் நின்றுபோனதால்தான் நான் குதித்தேன் என்று நினைத்துவிட்டார். மேடம் ஆங்கிலத்தில் விளக்கினார். அவர் சிரிக்காமல் ஏதோ கேட்டார். “ஒவ்வொரு ரிமோட்டோடயும் இந்த ஆளையும் சேர்த்து அனுப்புவீங்களான்னு கேக்கறார்” என்று மேடம் என்னிடம் சொன்னார். அவரும் சிரிக்கவில்லை.

இன்னொரு தடவை விட்டார்கள். இந்த முறை ரிமோட்டை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். கை ரிமோட்டை விடவில்லை. ஆனால் படகு நெருங்கியதும், “ஏல, கயித்தப் போடுல” என்று என் வாய் கத்தியது. யாருமே இல்லாத படகைப் பார்த்துக் கத்துகிறேன், கால்களோ ஏற்கெனவே தண்ணீரில். சாமான் தூக்க எங்களோடு வந்திருந்த தேசிங்கு மேடையிலிருந்து குரல் கொடுத்தான்: “முட்டியளவு தண்ணிண்ணே, அது எங்க ஓடிடப் போவுது?”

மூன்றாம் முறை மேடம் ரிமோட்டை அவனிடம் கொடுத்தார். படகில் ஒருநாளும் கால் வைக்காதவன், பைக்கை ஸ்டாண்டு போடுவதுபோல, ஒரு கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு நிறுத்தினான். படகு மேடையை முத்தமிடுவதுபோல வந்து ஒட்டி நின்றது. வெள்ளைக்காரர் அவன் கையைக் குலுக்கினார்.

திரும்பும்போது வேனில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். “கோச்சிக்காதண்ணே. எனுக்குப் படகுன்னாலே பயம். அதான் கிட்டயே போவாம நின்னேன்.” எனக்குக் கோபம் இல்லை என்றேன். அதுவும் நிஜம்தான். பயப்படுகிறவன் செய்தால் சரியாக வருகிற ஒரு வேலைக்கு, பழகியவன் என்று என்னைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். ஒரு வள்ளம் வரும்போது சும்மா நிற்பதை எனக்கு யாரும் கற்றுத்தரவில்லை. இங்கே அதுவும் ஒரு திறமை.

மறுநாள் தேசிங்கை நிரந்தரமாக்கி டெஸ்டிங்கில் வைத்துக்கொண்டார்கள். என்னைப் பேக்கிங்குக்கு மாற்றி, காண்ட்ராக்ட்டை இன்னும் சில மாதம் நீட்டியிருப்பதாக மேடம் சொன்னார். போனில் விஷயத்தைக் கேட்டுவிட்டு, ஊரில் என் மனைவி, கிளம்புவதற்காகக் கட்டி வைத்திருந்த பாத்திரங்களில் பாதியைப் பிரித்து அடுக்கினாள். மீதியைப் பிரிக்கவில்லை.