தூரத்து ஆளை முதலில் இறக்கிய கமலா சிஸ்டர்

காலை ஆறரைக்குத் தாம்பரம் மேற்கில், மெடிக்கல் ஷாப் வாசலில் நானும் புஷ்பாவும் நின்றிருந்தோம். கறுப்பு கார் சரியான நேரத்துக்கு வந்தது. ஓட்டி வந்தது கமலா சிஸ்டர் இல்லை, அவருடைய தம்பி சேகர் அண்ணன். ஸ்டியரிங்கை விடாமலே சொன்னார்: “அக்கா விடிகாலைல போயிடுச்சும்மா. நெஞ்சு வலி. நீங்க இங்க நின்னுகினு இருப்பீங்களேன்னுதான் வந்தேன்.”

சொல்லிவிட்டு என்ன நினைத்தாரோ, பின் கதவைத் திறந்துவிட்டார். அன்று எனக்குக் கேளம்பாக்கத்தில் டியூட்டி. அங்கே ஒரு நர்ஸ் இரவெல்லாம் கண் விழித்துவிட்டு, நான் வந்தால்தான் வீட்டுக்குப் போக முடியும். சாவு வீட்டுக்கா, டியூட்டிக்கா என்று நாங்கள் பேசிக்கொள்ளக்கூட இல்லை. ஏறி உட்கார்ந்தோம். சேகர் அண்ணன் முதலில் கேளம்பாக்கத்துக்குத்தான் ஓட்டினார். மதியம் மாற்று ஆள் வந்த பிறகுதான் சிஸ்டரைப் போய்ப் பார்த்தேன்.

இதை எழுதச் சொன்னது எங்களோடு அதே காரில் வேலைக்குப் போன விஜயாக்கா. “உன் வாய்க்கு இதான் தண்டனை” என்றார். அது ஏன் என்று கீழே வரும். இதைப் படிக்கிற உங்களில் பாதிப் பேர் அந்தக் காரில் போனவர்கள். மீதிப் பேர் அதைத் தள்ளியவர்கள். போனவர்களும் தள்ளியவர்கள்தான் என்பதால் கணக்கு சரியாக வராது.

நமக்கெல்லாம் நிரந்தர வேலை கிடையாது. யாரோ பிரசவத்துக்கு லீவு போட்டால், யாருக்கோ மஞ்சள் காமாலை வந்தால், அந்த இடத்துக்குப் பத்து நாள், இருபது நாள் போகிற நர்ஸ்கள். மெடிக்கல் ஷாப்புக்கு போன் வரும், கடைக்காரர் சீட்டு எழுதி வைப்பார். ஊர்கள் எல்லாம் பஸ் போகாத, போனாலும் நம் நேரத்துக்குப் போகாத ஊர்கள். கமலா சிஸ்டரும் இருபது வருஷமாக இப்படி லீவு இடங்களிலேயே வேலை பார்த்தவர்தான். அவருக்கு இருந்தது, ஸ்டேஷன் வாசலில் டாக்ஸி ஓட்டிய அப்பாவின் பழைய கார். அப்பா சொல்லிக்கொடுத்த டிரைவிங். தாம்பரத்தில் அப்போது கார் ஓட்டுகிற பெண்பிள்ளையைப் பார்த்தால் லாரிக்காரர்கள்கூடப் பயந்து ஒதுங்குவார்கள். வழி விடுவதாக நினைத்து அவர் கை காட்டி நன்றி சொல்வார்.

நான் முதல் நாள் ஏறியபோது எனக்குப் பள்ளிக்கரணையில் டியூட்டி. புஷ்பாவுக்கு சேலையூர், நடந்தே போகலாம். விஜயாக்காவுக்கு நாவலூர். சேலையூரைத் தாண்டியும் வண்டி நிற்கவில்லை, மேடவாக்கத்தில் பள்ளிக்கரணைப் பக்கம் திரும்பவும் இல்லை. நேராக நாவலூர் போய் விஜயாக்காவை இறக்கிவிட்டு, வந்த வழியே திரும்பி, என்னை, அப்புறம் புஷ்பாவை என்று ஒவ்வொருவராக இறக்கினார். இது என்ன தலைகீழ் என்று கேட்டேன். “கிட்ட போறவளுக்குப் பஸ் கீது, காலு கீது. தூரம் போறவளுக்கு நான்தானே” என்றார் சிஸ்டர். அப்படியானால் கிட்டே போகிறவர்கள் எதற்குக் காரில் என்றேன். வழியில் நின்றால் தள்ளுவதற்கு என்றார். அன்றைக்கே தள்ளினேன். இந்த வண்டியைக் கிளப்ப ரெண்டு செல்ஃப், ஒன்று வேலை செய்யாது, இன்னொன்று நான் என்று சொன்னேன். சிரித்தார். என்னுடைய சேட்டைக்கு அவர்தான் முதல் ரசிகர், அதனால் முதல் பலியும் அவர்தான்.

காரில் எங்களுக்குப் பெயர் கிடையாது, ஊர்தான். பின்னால் பார்க்கிற கண்ணாடியை மார்க்கெட்டில் யாரோ கழற்றிக்கொண்டு போய் வருஷக்கணக்கானது. ஸ்டியரிங் பிடித்தால் சிஸ்டர் திரும்பிப் பார்க்க மாட்டார். வண்டியை எடுக்கும் முன் ஊர் ஊராகக் கூப்பிடுவார். “நாவலூர்?” “இருக்கேன் சிஸ்டர்.” “பள்ளிக்கரணை?” “இருக்கேன் சிஸ்டர்.” “சேலையூர்?” புஷ்பா தூக்கத்திலேயே முனகுவாள். எனக்கோ யார் குரலையும் பேச வரும். ஒருநாள் மூன்று ஊருக்கும் நானே பதில் சொன்னேன். இல்லாத நான்காவது ஊருக்கும் சொன்னேன். டயர் கழன்று ஓடுகிறது என்று ஒருநாள் கத்தினேன். புஷ்பா ரோட்டில் விழுந்துவிட்டாள் என்று இன்னொரு நாள்.

விஜயாக்காவுக்கு நாவலூரில் முப்பது நாள் சோதனை. அங்கே இருந்த லேடி டாக்டர் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டிருந்தார்: முப்பது நாளும் ஒரு நாள்கூடத் தாமதமாக வரக்கூடாது. அப்படி நேரத்துக்கு வந்துவிட்டால் வேலை நிரந்தரம், தங்க இடமும் உண்டு. இரண்டு வயசுக் குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு வந்தவருக்கு அந்த இடம் என்றால் என்னவென்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். இது நடந்தது இருபத்தெட்டாம் நாள்.

அன்று மேடவாக்கம் கூட்டு ரோட்டில் ரேடியேட்டருக்குத் தண்ணீர் வேண்டும் என்று வண்டி நின்றது. விஜயாக்கா கேனை எடுத்துக்கொண்டு டீக்கடைக்குப் பின்னால் இருந்த அடிபம்புக்குப் போனார். கொஞ்ச நேரத்தில், தண்ணீர் ஊற்றி முடித்திருப்பார் என்று சிஸ்டர் ஊர் கூப்பிட ஆரம்பித்தார். “நாவலூர்?” என்றார். நான் விஜயாக்கா குரலில் “இருக்கேன் சிஸ்டர்” என்றேன். எப்படியும் தள்ளத்தானே இறங்கப் போகிறோம், அதற்குள் அவர் ஓடி வந்துவிடுவார், சிரிக்கலாம் என்று நினைத்தேன். என்றைக்கும் எடுக்காத செல்ஃப் அன்றைக்கு ஒரே தட்டில் எடுத்துவிட்டது.

நான் கத்தினேன். விஜயாக்கா ஏறவில்லை, நிஜமாகவே ஏறவில்லை என்று கத்தினேன். முந்தாநாள் டயர், நேற்று புஷ்பா, இன்றைக்கு விஜயாவா என்று சிஸ்டர் சிரித்துக்கொண்டே ஓட்டினார். புஷ்பா கண் திறக்காமல், சும்மா இருடி என்றாள். நான் சொன்னதை ஒருவரும் நம்பவில்லை. அது நானே பாடுபட்டுச் சம்பாதித்தது.

பெரும்பாக்கம் வந்ததும் வண்டி புகை விட்டு நின்றது. “நாவலூர், தண்ணி ஊத்துனியா இல்லியா?” என்று கேட்டார் சிஸ்டர். உள்ளதைச் சொல்லிவிட்டு டிபன் பாக்ஸோடு கீழே இறங்கினேன்.

கேன் விஜயாக்காவிடம். ஏரியிலிருந்து டிபன் பாக்ஸ் டிபன் பாக்ஸாகத் தண்ணீர் மொண்டு ஊற்றினோம். அதில் என் எலுமிச்சை சாதமும் கொஞ்சம் போனது. நாங்கள் ஊற்றிக்கொண்டிருக்கும்போதே ஒரு பால் வண்டி எங்களைத் தாண்டிப் போனது. டிரைவர் பக்கத்தில் விஜயாக்கா, மடியில் கேன். எங்கள் பக்கம் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் கேன் என் தலையில் விழுந்திருக்கும். அந்த வண்டி கடைக்குக் கடை நிற்கிற வண்டி. அவர் நேரத்துக்குப் போக மாட்டார் என்று அதைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

நாங்கள் நாவலூர் போய்ச் சேர்ந்தபோது விஜயாக்கா டாக்டர் அறை வாசலோரம் நின்றிருந்தார், கையில் இன்னமும் கேன். அரை மணி தாமதம். நாளையிலிருந்து வர வேண்டாம் என்று டாக்டர் சொல்லி முடித்திருந்தார். தற்காலிக நர்ஸ்கள் தினம் ஒரு கதையோடு வருவார்கள், இதையும் அப்படித்தான் எடுத்துக்கொள்வேன் என்றார். சிஸ்டர் கெஞ்சவில்லை. என் கையைப் பிடித்து அறைக்குள் கொண்டுபோய் மேஜைக்கு முன்னால் நிறுத்தினார்.

“டாக்டரம்மா, ஒரு நிமிஷம் ஜன்னல் பக்கம் திரும்பி நில்லுங்க.”

அவர் ஆச்சரியத்திலேயே திரும்பிவிட்டார். சிஸ்டர் என்னைப் பார்த்து, “சொல்லு” என்றார். விஜயாக்கா குரலில் சொன்னேன்: “இருக்கேன் சிஸ்டர்.”

“இருந்தா போதுமா விஜயா, நேரத்துக்கு இருக்கணும்” என்று ஜன்னலைப் பார்த்தே சொன்னார் டாக்டர். சொல்லிவிட்டுத் திரும்பினார். விஜயாக்கா வாசலோரம் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தார். மேஜைக்கு முன்னால் நான்.

“இந்தக் குரலை நம்பித்தான் வண்டிய எடுத்தேன்” என்றார் சிஸ்டர். “விளையாடுனது இவ. பாக்காம எடுத்தது நான். தண்ணி எடுக்கப் போனவ மேல இன்னா தப்பு?”

டாக்டர் விஜயாக்காவிடம், கேனை வைத்துவிட்டு வார்டுக்குப் போகச் சொன்னார். இன்னும் இரண்டு நாள் பாக்கி இருக்கிறது என்றார். அந்த இரண்டு நாள் போய் இப்போது ஒன்றரை வருஷம். விஜயாக்காவின் குழந்தை நாவலூர் குவார்ட்டர்ஸில்தான் வளர்கிறது.

திரும்பி வரும்போது திட்டு விழும் என்று காத்திருந்தேன். பள்ளிக்கரணை சதுப்பு தெரிகிற வரைக்கும் ஒன்றும் இல்லை. நான் இறங்கும்போதுதான் சொன்னார்: “எல்லார் குரலும் பேசு, நல்லாதான் கீது. அடுத்தவ வேலைல மட்டும் பேசாத.”

மறுநாள் காலை காரில் ஏறியதும், இனிமேல் திரும்பி எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு வண்டியை எடுங்கள் என்று விஜயாக்கா சிஸ்டரிடம் சொன்னார். சொல்லும்போது பார்த்தது என்னை. நியாயம்தான். புஷ்பாகூட முழித்துக்கொண்டு தலையாட்டினாள்.

“இவ ஒரு நாள் ஏமாத்துனதுக்கு நான் தினமும் கழுத்த ஒடிச்சிக்கணுமா?” என்றார் சிஸ்டர். பிறகு முன்னால் ரோட்டைப் பார்த்தபடியே, அன்றைக்கு என்னை முதலில் கூப்பிட்டார். “பள்ளிக்கரணை?”

என் சொந்தக் குரலில் சொன்னேன். அது இவ்வளவு சின்னக் குரல் என்று அதற்கு முன் எனக்கே தெரியாது. அவர் கியரைப் போட்டார்.

எனக்கு எப்போதும் பின் சீட்தான். அதனால் கமலா சிஸ்டரை நினைத்தால் முகத்தைவிட முதலில் ஞாபகம் வருவது இறுக்கிப் போட்ட கொண்டையும், வெயிலில் கறுத்த பின்கழுத்தும், அதில் வழிகிற எண்ணெயும்தான். அந்தக் கழுத்து அன்றைக்கும் திரும்பவில்லை, அதற்குப் பிறகும் ஒருநாளும் திரும்பவில்லை. அவரிடமிருந்து நான் எடுத்து வைத்திருப்பது, ஏமாற்றிய குரலையும் நம்பித் திரும்பாத அந்தக் கழுத்தைத்தான்.