சூடம் அணைக்காதவர்களின் ஓட்டு

பரளச்சிக்குக் கிழக்கே, மானாவாரிப் பருத்திக் காடுகளுக்கு நடுவில் இருந்தது எங்கள் ஊர். தொகுதியின் எல்லையை அவ்வப்போது மாற்றுவார்கள். ஒரு தேர்தலில் நாங்கள் அருப்புக்கோட்டைப் பக்கம் என்பார்கள், இன்னொன்றில் திருச்சுழிப் பக்கம் என்பார்கள். நின்றவர்கள் மாறினார்கள், கொடிகள் மாறின. எங்கள் வாக்குச்சாவடி மட்டும் மாறவில்லை. அங்கே விழும் ஓட்டு மொத்தமும் ஒரே சின்னத்துக்கு விழும். ஊர் ஆண்களுக்கு அதில் அப்படியொரு பெருமை. பட்டி ஆடுகள்கூட அவ்வளவு ஒழுங்காக நடப்பதில்லை.

அந்த ஒழுங்கு வந்த விதம் இது. தேர்தலுக்கு முன்னால் ஆண்கள் கருப்பசாமி கோவிலில் கூடுவார்கள். எந்தச் சின்னம் என்று நாட்டாமை சொல்வார். வீட்டுக்கு ஒரு ஆண், எரியும் சூடத்தை உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். பெண்களுக்கு அங்கே வேலையில்லை. கோவிலின் எல்லைக் கல்லை நாங்கள் தாண்டவே கூடாது. சத்தியத்தை மீறிய வீட்டுக்கு ஊருணியில் தண்ணீர் கிடையாது. முன்பொரு தேர்தலில், மாற்றிப் போட்டதை வாய்விட்டுச் சொல்லி அப்படி விலக்கப்பட்ட குடும்பம் ஒரு கோடை முழுக்கக் காட்டுக் கிணற்றின் உப்புத் தண்ணீரைக் குடித்தது. அவர்கள் வீட்டுக் கைக்குழந்தை வயிற்றோட்டத்தில் இளைத்துப்போனதை நான் பார்த்திருக்கிறேன். ஊரும் பார்த்தது.

எங்கள் வீட்டில் முதலில் எழுத்து படித்தவள் நான். மெயின் ரோடுவரை நடந்து, பஸ் பிடித்து அருப்புக்கோட்டைக்குப் போய்ப் பதினொன்றாம் வகுப்பு தேறியவள். எனக்கு இருபத்தோரு வயது முடிந்து முதல் ஓட்டு வந்தபோது, அப்பா கோவிலிலிருந்து திரும்பி வந்து, அம்மாவிடமும் என்னிடமும் சின்னத்தைச் சொன்னார். அவர் கையில் சூட வாசனை இன்னும் இருந்தது.

"நான் சத்தியம் பண்ணலையேப்பா" என்றேன்.

"வீட்டுக்கு ஒரு கை போதும்."

"கை ஒங்களுது. ஓட்டு என்னுது."

"தண்ணிய நிப்பாட்டிட்டா உன் படிப்பையா கரைச்சுக் குடிக்கிறது?" என்றார். அம்மா அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள்.

ஓட்டுப் போடும் நாளில், நான் ஐந்தாம் வகுப்புவரை படித்த பள்ளிக்கூடமே சாவடி. வாசலுக்கு எதிரே வேப்பமரத்தடியில் நாட்டாமை நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். முறையில் எனக்குப் பெரியப்பா.

"ஏத்தா, சின்னம் ஞாபகம் இருக்கா? இல்ல, படிச்ச புள்ளைக்கு மறந்துபோச்சா?"

"எழுத்தே தெரியும் பெரியப்பா, படமா தெரியாது?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. உள்ளே போய், அவர் சொல்லாத சின்னத்தில் முத்திரையை அழுத்திக் குத்தினேன். அதில் நின்றவர் ஒன்றும் உத்தமர் இல்லை. அவருடைய ஜீப்பும் அதே புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்து, அதே பஸ்ஸை ஊருக்குள் விடுவதாகச் சொல்லிவிட்டுப் போனதுதான். நான் போட்டது அவருக்காக அல்ல.

அந்தக் காலத்தில் சாவடி சாவடியாக எண்ணுவார்கள். எண்ணும் இடத்துக்குப் போன எங்கள் ஊர் ஆள் வந்து சொன்னான்: மாற்றுச் சின்னத்துக்கு ஒன்பது.

எனக்கே திக்கென்றது. நான் போட்டது ஒன்றுதானே.

மறுநாள் காலையில் நாட்டாமை ஆட்களோடு எங்கள் வாசலில் நின்றார். மற்ற எந்த வீட்டுக்கும் அவர் போகவில்லை. தெருப் பெண்கள் குடத்தோடு நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

"ஒன்பதும் இந்த வீட்டு வேலதான். ஒண்ணு படிச்சு எட்டக் கெடுத்துருச்சு" என்றவர் அப்பாவின் பக்கம் திரும்பினார். "கோவிலுக்கு வா. ஒன் வீட்டுல யாரும் மாத்திப் போடலைன்னு திரும்பச் சூடத்த அணை. இல்லைன்னா இன்னைக்கே ஊருணிய மறந்துரு."

அப்பா என்னைப் பார்த்தார். கருப்பன் முன்னால் பொய்ச் சத்தியம் செய்கிற மனிதர் இல்லை அவர். உண்மையைச் சொன்னால் தண்ணீர் போய்விடும். தோளில் கிடந்த துண்டைப் பிடித்தபடி நின்றார்.

நான் வாசலுக்கு வந்தேன். "சத்தியம் பண்ணவுக யாரும் மீறலை பெரியப்பா. பொம்பளைகளை நீங்க சத்தியமே கேக்கலையே. கேக்காத சத்தியத்த நாங்க எப்பிடி மீற முடியும்?"

"அப்ப நீதான் போட்ட!"

"எதுல போட்டேன்னு ஒங்ககிட்டச் சொல்லணும்னு எனக்கு ஒண்ணுமில்ல. கேக்கணும்னா எல்லாப் பொம்பளைகளையும் நிக்க வச்சுக் கேளுங்க. மொதல்ல ஒங்க வீட்டுலருந்து ஆரம்பிங்க."

அவர் மனைவி அந்தப் பெண்களோடுதான் நின்றிருந்தாள். நாட்டாமை திரும்பிப் பார்த்தார். அவள் அவர் முகத்தைப் பார்க்காமல் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு ஊருணிப் பக்கம் நடந்தாள். யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். அதற்குமேல் ஒருவரும் எதுவும் கேட்கவில்லை. எந்த ஒன்பது பேர் என்று தெரியாமல் எந்த வீட்டுத் தண்ணீரை நிறுத்துவது?

ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன். ஆனால் அவர்கள் எளிதில் விடுகிற ஆட்கள் இல்லை. அடுத்த தேர்தலில் பெண்களையும் கூப்பிட்டார்கள். கோவிலுக்குள் அல்ல; எல்லைக் கல்லுக்கு இந்தப் பக்கம் வரிசையாக நிறுத்தி, சூடத்தைத் தட்டில் வைத்து வெளியே கொண்டுவந்தார்கள். உள்ளே விட மனமில்லை, சத்தியம் மட்டும் வேண்டும். என் பேச்சிலிருந்து அவர்கள் கற்றுக்கொண்டது அவ்வளவுதான்.

பெண்கள் ஒவ்வொருவராகக் கையை வைத்தார்கள். நாட்டாமை மனைவி வைத்தாள். அம்மாவும் வைத்தாள். தட்டு என் முன்னால் வந்து நின்றது.

"ம், கைய வையி" என்றார் நாட்டாமை.

கைகளைக் கட்டிக்கொண்டு நின்றேன். சூடம் எரிந்து தீர்ந்தது. இன்னொரு கட்டியைப் போட்டார். அதுவும் தீர்ந்தது.

"இப்பக் கேட்டாச்சுல்ல?" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

"கேட்டீக. மாட்டேன்."

மறுநாள் காலையில் குடத்தை எடுத்துக்கொண்டு ஊருணிக்குப் போனேன். படியில் நின்ற பெண்கள் தங்கள் குடங்களை ஓரமாக நகர்த்திக்கொண்டார்கள். தடுப்பதானால் யாராவது தடுக்கட்டும் என்று கடைசிப் படியில் கொஞ்ச நேரம் நின்றேன். யாரும் வரவில்லை. குடத்தை முக்கி, நிறைத்து, தலையில் ஏற்றினேன். ஒருத்திகூடத் தூக்கிவிடக் கை கொடுக்கவில்லை.