இருபத்தெட்டுச் சப்பாத்து

ஏழு வயதில் பேச்சு. பத்தில் சப்பாத்துக்குக் கயிறு கட்டுதல். பதினாறில், காதைப் பொத்தாமல் பகாவ் சந்தையை ஒரு முழுச் சுற்று. இருபத்திரண்டில் வேலை. என் தங்கை மாதவி போராடி வாங்கியவை இவை. எல்லாம் நாள், கிழமையோடு என் குறிப்புப் புத்தகத்தில் இருக்கின்றன.

வேலை, எங்கள் தோட்டத்துப் பள்ளி வேனில். பதினாலு பிள்ளைகளை ஏற்றி இறக்க வேண்டும். மாதவி தலைகளை எண்ணமாட்டாள்; காலில் போட்ட சப்பாத்துகளைத்தான் எண்ணுவாள்.

"தலை ஆடும்க்கா. சப்பாத்து படியில ஒவ்வொண்ணா வரும்."

அவளுக்கு ஆட்டிசம். "அபூர்வம் இல்லமா, நூறு பிள்ளைக்கு ஒண்ணு இருக்கும், கூடக் கொறைய," என்று கிளினிக் தாதி, மிஸ்ஸி, ஒருமுறை சொன்னார்.

"நம்ம தோட்டத்து ஸ்கூல்ல இப்ப நூறு பேரு. யாரு அது?" என்றாள் மாதவி.

மிஸ்ஸி சிரித்தார். மாதவி அன்றிலிருந்து தேடுகிறாள்.

'எல்லாரும் இறங்கினர்' என்று வேனில் ஒரு புத்தகம். உதவியாளர் தினமும் கையெழுத்திட வேண்டும். மாதவிக்கு எழுதத் தெரியும். ஆனால் அதுவரை எந்தத் தாளிலும் கையெழுத்துப் போட்டதில்லை. டிரைவர் தங்கராஜுவோ பிள்ளைகள் இறங்கும்முன்பே நீட்டுவார். "பொய்யி," என்று பேனாவைத் திருப்பிக் கொடுப்பாள். அவரே கிறுக்கிக்கொள்வார்.

அவளை வேலைக்கு வைத்துப் பார்க்கும் சோதனை வாரத்தின் கடைசி நாள் நானும் கூடப் போனேன். வேன் பிந்திவிட்டது. நாங்கள் போய் நின்றபோது பள்ளி மணி அடித்துக்கொண்டிருந்தது.

"சைன் போடு லா, தாயி. இன்னிக்கும் போடலேனா மொதலாளி வேற ஆளு பாத்துருவாரு," என்றார் தங்கராஜு. "எல்லாம் எறங்கியாச்சு."

"இருபத்தாறு."

"என்னது?"

"சப்பாத்து."

"யக்கா, ஒங்க தங்கச்சி பிள்ளைய எறக்க வந்தாளா, சப்பாத்துக் கடை வைக்க வந்தாளா?"

நான் பதில் சொல்லுமுன் மாதவி வேனுக்குள் ஏறிவிட்டாள். கடைசி இருக்கைக்கு அடியில், காதுகளைப் பொத்தியபடி, முதலாமாண்டில் படிக்கும் செல்லம் என்ற சிறுமி சுருண்டு கிடந்தாள். அடம்பிடிக்கிறாள் என்று வீட்டில் அடி வாங்கும் பிள்ளை.

மாதவி அவளை இழுக்கவில்லை. தானும் தரையில் படுத்துக் காதைப் பொத்திக்கொண்டாள். மணி ஓய்ந்ததும் இருவரும் தூசியோடு இறங்கினார்கள்.

"அக்கா, அந்த ஒண்ணு கெடச்சிருச்சு."

அதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். மாதவிக்குச் சந்தேகமே இல்லை.

தங்கராஜுவின் முகம் வெளுத்திருந்தது. மாதவி அவர் கையிலிருந்த பேனாவைத் தானே எடுத்தாள். படியில் உட்கார்ந்து, கட்டத்துக்குள் ஒவ்வோர் எழுத்தாக இறக்கி வைத்தாள்: மாதவி.

என் புத்தகத்தில்: முதல் கையெழுத்து. 2024 மார்ச் 15, வெள்ளிக்கிழமை, காலை 7.34.