காவடிக்கு முன் அடித்த பெயிண்ட்

தீவின் துறைமுகத்தை ஒட்டிய சாந்த் குருவாவில் பாக்கியம் பதினோரு வருஷமாக வாடகைக்கு இருந்த தகரக் கூரை வீட்டில் ஓர் ஆணிகூட அடித்ததில்லை. சுவரில் ஆணி ஆகாது என்பது வீட்டுக்காரி மதாம் ழனின் போட்ட சட்டம். அதனால் முருகன் படம் நாற்காலியில் உட்கார்ந்தபடியே எல்லாப் பூசையையும் வாங்கிக்கொண்டது.

தீவுக்குச் சுதந்திரம் வரப்போகிறது என்று ஊரெல்லாம் பேச்சு. வந்தால் என்னாகுமோ என்று பயந்து, மதாம் ழனினும் தன் மகனோடு ஆஸ்திரேலியாவுக்குப் புறப்படத் தயாரானாள். வீட்டைப் பாக்கியத்துக்கே தருவதாக வாக்குக் கொடுத்து, விலையும் பேசினாள். பாக்கியம் அப்போதே முன்பணத்தை நீட்டியிருக்க வேண்டும். ஆனால் அன்று காலைதான் தைப்பூசக் காவடிக்குக் கொடியேறியிருந்தது. விரத நாளில் கொடுக்கல் வாங்கல் வேண்டாம், காவடி முடியட்டும் என்று சொல்லிவிட்டாள். துறைமுகத்தில் சர்க்கரை மூட்டை தூக்கும் அவள் புருஷன் வீரசாமி தலையில் அடித்துக்கொண்டான்.

அதோடு விட்டாளா? விரத வீடு பளிச்சென்று இருக்கட்டும் என்று கழுவித் துடைத்து, வெளிச்சுவருக்கு நீலப் பெயிண்டும் அடித்தாள். பெயிண்ட் அடிக்க மட்டும் ழனின் ஒருநாளும் தடை சொன்னதில்லை!

அந்த நீலம் கடைக்காரர் ஜான்-க்ளோட் கண்ணில் பட்டது. கூடுதல் விலை தருகிறேன் என்று ழனினிடம் போய் நின்றார். சேதி கேட்டுப் பாக்கியம் ஆடிப்போனாள். என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேனே என்று அழுதாள். காவடி எடுத்த அன்று முருகனிடம் அந்த வீட்டைத் தவிர வேறு எதையும் அவள் கேட்கவில்லை.

காவடி முடிந்து இலையில் ஏழு மரக்கறி வைத்துப் போடும் சாப்பாட்டுக்கு ழனின் வழக்கம்போல் வந்தாள். பாக்கியம் மனசில்லாமல்தான் பரிமாறினாள். ழனினோ இலையில் கைவைக்கவே இல்லை.

"அந்த மனுஷன் என்னைப் பாராட்டினாரு, பாக்கியம்," என்றாள் தீவின் கிரியோல் மொழியில். "வீட்டை நல்லா வச்சிருக்கீங்க மதாம்னாரு. நான் ஒரு தடவைகூட பிரஷ்ஷைத் தொட்டதில்ல. உன் உழைப்புக்கு அவர்கிட்ட காசு வாங்க எனக்கு வெக்கமா இருக்கு. பேசின விலைக்கே நீ எடுத்துக்கோ."

பாக்கியம் அவள் இலையில் இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினாள்.

பத்திரம் பதிவான அன்று அவள் பக்கத்து வீட்டில் சுத்தியல் இரவல் வாங்கினாள். ஆணி கோணலாகத்தான் இறங்கியது. நேராக்கித் தருகிறேன் என்று வந்த வீரசாமியைக் கிட்டவே விடவில்லை. படத்தை மாட்டிவிட்டு, காலியான நாற்காலியில் உட்கார்ந்து, தன் வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.