அம்மாக்கண்ணுவின் பழஞ்சாமை

எங்கள் ஜவ்வாது மலைக்கு எதுவுமே பஸ் மாதிரிதான், தாமதமாகத்தான் வரும். அரசாங்க மானியத்தில் சாமையை உமி நீக்கி அரிசியாக்கும் மெஷின் வந்து இறங்கியபோது அம்மாக்கண்ணுவுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. எங்கள் மகளிர் குழுவில் படவேட்டுக்கு இறங்கிப் போய் அதை ஓட்டப் பழகி வந்தவள் அவள் ஒருத்திதான். புருஷன் தீர்த்தகிரி இறந்த பிறகு வாயையே திறக்காமல் கிடந்தவள், மெஷினுக்குப் பொட்டு வைத்து அதனோடு பேச ஆரம்பித்தாள். நாங்கள் கேலி செய்தோம். உள்ளுக்குள் எங்களுக்கு அவ்வளவு சந்தோஷம்.

மார்கழியில் அதிகாரி தேவயானி வந்தார். மெஷின் ஓடுவதைப் படம் எடுத்து அன்றைக்கே அனுப்ப வேண்டுமாம். ஓடாத மெஷினை வேறு ஊருக்குக் கொடுத்துவிடச் சொல்லி உத்தரவாம். நல்ல பெண்தான், என்ன செய்வார்? எங்களுக்கோ, தை பிறந்து ஊர்ச்சாமிக்குப் பொங்கல் வைக்கும்வரை புதுச் சாமையில் உமி நீக்கக் கூடாது. பழைய சாமைக்குத் தடையில்லை, ஆனால் மெஷின் வருவதற்கு முன்பே அது எல்லா வீட்டிலும் தீர்ந்துவிட்டது. இதை நாங்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் விளக்கியதில் அந்தப் பெண்ணுக்குத் தலை சுற்றியிருக்கும்.

அம்மாக்கண்ணு மட்டும் எழுந்து வீட்டுக்குப் போனாள். பரணில் இருந்த கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு திரும்பி வந்தாள். அது தீர்த்தகிரி கடைசியாக விதைத்து அறுத்த சாமை. அடுப்பு எரியாத நாளில்கூட அவள் அதைத் தொட்டதில்லை.

"இன்னாடி பண்றே? அவரு கை பட்டதாச்சே" என்றேன்.

"தெரியும்க்கா. மெஷின் போய்ட்டா நான் மறுபடியும் வூட்டுக்குள்ளயே குந்திக்குவேன். அத அவரே ஒத்துக்க மாட்டாரு."

கொட்டினாள். மெஷின் ஓடியது. படம் எடுத்து அனுப்பிய பிறகு, ஏன் அழுகிறீர்கள் என்று தேவயானி என்னைக் கேட்டார். சொன்னேன். செல்போனைப் பையில் வைத்துவிட்டு, அரிசியை அள்ள எங்களோடு குனிந்தார்.

அந்த அரிசியைப் பொங்கி அம்மாக்கண்ணு எல்லோருக்கும் பரிமாறினாள், அதிகாரியின் டிரைவருக்கும்கூட. தான் மட்டும் உட்காரவில்லை. நான்தான் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தேன். ஒரு வாய் வைத்தவள் வெகுநேரம் மென்றாள்.

"பழசாச்சே, கசக்கும்னு நெனச்சேன். நல்லாத்தான்க்கா இருக்குது" என்றாள்.

காலிக் கூடையை அவள் பரணில் ஏற்றவில்லை. தை பிறந்ததும் மெஷினின் வாய்க்குக் கீழே வைத்தாள். இப்போது எங்கள் ஊர்ச் சாமையெல்லாம் அரிசியாகித் தீர்த்தகிரி முடைந்த கூடையில்தான் விழுகிறது.